வளைவில் தடம் புரளும் மாடல் ரயில் இன்ஜின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒரு ரயில்வேக்காரர் இருப்பார். கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று ஏதோ ஒன்றில் தாத்தாவோ பெரியப்பாவோ வேலை பார்த்திருப்பார். அந்த வாசனையோ என்னவோ, வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணனிடம் சாக்லேட் வேண்டாம், ரயில் செட் வாங்கி வா என்று சொல்லும் ஆட்கள் இங்கே அதிகம். சனிக்கிழமை சாயங்காலமானால் யாராவது ஒருவர் செருப்பு டப்பாவில் பஞ்சு வைத்து ஒரு இன்ஜினைக் கொண்டுவந்து நிற்பார். புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “வளைவுல விழுந்துடுது சார்.”

திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நம்மிடம் அதிகம் புழங்கும் எச்.ஓ. அளவை மனதில் வைத்து எழுதியது. அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. பிரிட்டனின் டபுள்-ஓ இன்ஜின்கள் கொஞ்சம் பெரியவை, ஏறக்குறைய 76-ல் ஒரு பங்கு. ஆனால் ஓடுவது அதே 16.5 பாதையில்தான்.

நேர்ப்பாதையில அருமையா ஓடுது, வளைவுக்கு வந்தா விழுது. இன்ஜின் போச்சா?

திருப்புளியைக் கீழே வையுங்கள். இப்போதைக்கு வேண்டியது ஒரு சாக்பீஸ்தான்.

நிஜ ரயில் தடம் புரண்டால் விசாரணைக்கு வருகிறவர்கள் தண்டவாளத்தில் இரண்டு இடங்களைத் தேடிக் குறிப்பார்கள். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் ‘பாயின்ட் ஆஃப் மவுன்ட்’. ஏறிய பிறகு கொஞ்ச தூரம் தலைமேலேயே உருண்டு, மறுபக்கம் இறங்கிய இடம் ‘பாயின்ட் ஆஃப் டிராப்’. நம் கண்ணில் படுவது இறங்கிய இடம். கோளாறு இருப்பதோ ஏறிய இடத்தில். மாடலிலும் இதே கதைதான்: இன்ஜின் சாய்ந்து கிடக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் பின்னால் போய்த் தேட வேண்டும். விழுந்த இடத்துத் தண்டவாளத்தையே நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

மெதுவாக பத்துச் சுற்று ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை விழும்போதும் சக்கரம் ஏறிய இடத்தில் பலகைமேல் ஒரு கோடு. கோடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் பாதையில் கோளாறு. வளைவு முழுக்கச் சிதறினால் இன்ஜினில் கோளாறு. அதோடு நிறுத்தாமல் இன்ஜினைத் திருப்பி வைத்து, பின்பக்கம் முன்னால் போகும்படியும் ஓட்டுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரே போகிதான் (இங்கே போகி என்றால் பெட்டி அல்ல, சக்கரங்களைத் தாங்கி அடியில் திரும்பும் சட்டம்) விழுகிறது என்றால் அந்த போகியைத்தான் பார்க்க வேண்டும். இடச்சுற்றில் விழுந்து, வலச்சுற்றில் விழாமல் இருந்தால், அது ஒரு பக்கம் மட்டும் சரியாகத் திரும்பவில்லை.

சக்கரம் ஏறுறது கண்ணுக்கே தெரியலையே?

தெரியாதுதான். போனில் ஸ்லோ மோஷன் வைத்து, கேமராவைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, இன்ஜினுக்குப் பின்னால் ஒரு டார்ச் அடித்து எடுங்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரிகிற நொடிதான் நமக்கு வேண்டியது. போன் சரிப்பட்டு வராவிட்டால் பழைய முறை: ஒரு பெட்டியின் போகியை மட்டும் கழற்றி, ஆள்காட்டி விரலால் லேசாக அழுத்தித் தள்ளிக்கொண்டே போங்கள். கண் தவறவிடுவதை விரல் பிடித்துவிடும்; இணைப்பில் தடுக்கினால் ஒரு ‘டிக்’ கேட்கும்.

ஒரே இடத்துலதான் விழுது. பாதையில என்னத்தைப் பார்க்கணும்?

முதல் சந்தேகம் எப்போதும் இணைப்பின் மீதுதான். இரண்டு தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் அந்தச் சின்ன உலோகத் தகடு, நாம் ஃபிஷ்பிளேட் என்கிறோமே, அதற்குள் இரண்டு முனைகளும் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு முனை தகட்டுக்குள் போகாமல் அதன் மேலேறி உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. நகத்தை வைத்து தண்டவாளத்தின் தலையிலும் உள்பக்கத்திலும் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். சின்ன அரத்தால் உள்முனையை லேசாகச் சாய்த்துத் தேய்த்தாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.

அடுத்தது மூக்கு. வளைக்கக்கூடிய நீளத் தண்டவாளத்தை வளைவில் போட்டால், இணைப்பு வரும் இடத்தில் அது வளையாமல் நேராக நிமிரப் பார்க்கும். இரண்டு நேர்முனைகள் சேரும் இடம் வெளிப்பக்கம் மூக்குபோலத் துருத்தும். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, பாதையின் வழியே பார்த்தால் பளிச்சென்று தெரியும். இதற்குச் சரியான வைத்தியம், இரண்டு துண்டுகளையும் நேராக வைத்து சால்டர் செய்துவிட்டு அப்புறம் வளைப்பது. ஏற்கெனவே ஆணி அடித்து ஒட்டிவிட்டவர்கள் மன்னிக்கவும், பிரிக்கத்தான் வேண்டும்.

மூன்றாவது, அகலம். வளைக்கும்போது தண்டவாளங்கள் உள்பக்கம் நெருங்கிவிடலாம். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை, அதாவது ஸ்லீப்பர், அதன் நடுவில் அடித்த ஆணி ஆழமாக இறங்கினாலும் ஸ்லீப்பர் குழிந்து இரண்டு தண்டவாளமும் நெருங்கும். வெர்னியர் வைத்து அளந்தால் 16.5-க்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது. வளைவில் கால் மி.மீ. கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை, சொல்லப்போனால் நல்லது.

நான்காவது, முறுக்கு. ஒரு தண்டவாளம் மட்டும் ஓரிடத்தில் தாழ்ந்திருந்தால் இன்ஜினின் ஒரு மூலை அந்தரத்தில் நிற்கும். அந்தச் சக்கரத்தின்மேல் எடையே இல்லாதபோது அது ஏறாமல் என்ன செய்யும்? சின்ன ரசமட்டத்தைக் குறுக்காக வைத்து நகர்த்திக்கொண்டே வாருங்கள். குமிழ் திடீரென்று ஓடும் இடத்தில் ஸ்லீப்பருக்கு அடியில் பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகுங்கள்.

காலையில ஓடுது, மத்தியானம் விழுது. சாயங்காலம் மறுபடி ஓடுது!

ரயில் அறை மொட்டை மாடியில் இருக்கிறதா? நினைத்தேன்.

வில்லிவாக்கத்தில் ஒரு நண்பர் மாடியில் ஷீட் கூரை போட்ட அறையில் அழகான பாதை அமைத்திருந்தார். மார்கழிக் குளிரில் உட்கார்ந்து, இடைவெளியே தெரியாமல் இணைப்புகளை நெருக்கி, எல்லாவற்றையும் சால்டர் வேறு செய்திருந்தார். அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வளைவில் ஒரு சாண் நீளத்துக்குத் தண்டவாளம் ஸ்லீப்பரின் சின்னப் பிடிகளிலிருந்து பிதுங்கி, வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தது. இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் விரலால் தடவினேன், கிட்டத்தட்ட நேராகியிருந்தது. அவர் இரண்டு மாதமாக இன்ஜினைத்தான் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

கணக்கு எளிது. நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 0.016 மி.மீ. நீளும். அறை 28-லிருந்து 43 டிகிரிக்குப் போனால் மீட்டருக்குக் கால் மி.மீ. நாலு மீட்டர் ஒரே துண்டாக சால்டர் செய்திருந்தால் முழுசாக ஒரு மி.மீ. போக இடமில்லாமல் பக்கவாட்டில் தள்ளும். ஆகவே மீட்டருக்கு ஒரு இணைப்பையாவது சால்டர் செய்யாமல், ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பாதை போட வெயில் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி இன்னும் குறைவாகவே போதும். மின்சாரம் விட்டுப்போகாமல் இருக்க அந்த இணைப்பைத் தாண்டி ஒரு வளையும் ஒயரைப் பற்றவைத்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வரும் புகார் வேறு. மழை ஈரத்தில், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை உப்பிக்கொள்ளும். அடிப்பலகை நல்ல பிளைவுட்டாக இருக்கட்டும், அடிப்பக்கமும் ஓரங்களும் பெயின்ட் காணட்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக்காற்று ஃபிஷ்பிளேட்டைக் கருக்கும்; அது தடம் புரள வைக்காது, ஆனால் இன்ஜினைத் திக்கித் திக்கி ஓடவைக்கும்.

எல்லா வளைவிலும் விழுது. இன்ஜின்ல எங்க ஆரம்பிக்கிறது?

ஒரு கண்ணாடித் துண்டில். முகம் பார்க்கும் கண்ணாடி போதும், ஃபிரேம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். அதன்மேல் இன்ஜினை வைத்து ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்துங்கள். கால் சமமில்லாத ஸ்டூல்போல ஆடினால் ஏதோ ஒரு சக்கரம் கண்ணாடியைத் தொடவில்லை. மூன்று அச்சு போகியில் நடு அச்சு துளி தாழ்ந்திருந்தாலும் இப்படி ஆடும். இழுவைக்காகச் சில சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள். அதை மாற்றும்போது தடித்த வளையம் போட்டாலும், பழையது பாதி கழன்று மடிந்திருந்தாலும் இதே ஆட்டம்தான்.

பிறகு இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து போகியை இடமும் வலமும் திருப்புங்கள். கடைசிவரை தடங்கலில்லாமல் போக வேண்டும், விட்டால் எங்கேயும் ஒட்டி நிற்கக் கூடாது. மோட்டாருக்குப் போகும் ஒயர் விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங்போல போகியை ஒரு பக்கமே தள்ளிக்கொண்டிருக்கும். டி.சி.சி. டிகோடர், அதாவது டிஜிட்டல் முறையில் இன்ஜினை இயக்கும் சின்ன சர்க்யூட், புதிதாகப் பொருத்திய இன்ஜின்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான். படிக்கட்டு, காற்றுக் குழாய் என்று அழகுக்காக ஒட்டிய உதிரிகளில் போகி இடிக்கிறதா என்றும் பாருங்கள். அட்டைப்பெட்டிக்குள் பாலிதீன் பையில் அந்த உதிரிகளைத் தனியாகத் தருவதற்குக் காரணமே, அவற்றை ஒட்டினால் சின்ன வளைவில் ஓடாது என்பதுதான் பல நேரம்.

போகியைப் பிடிக்கும் திருகை இறுக்கி மூடுவது நம் ஊர்ப் பழக்கம். முழுக்க முறுக்கி, அரைச் சுற்று தளர்த்துங்கள். போகி முன்பின்னாகவும் கொஞ்சம் தலையாட்ட வேண்டும்.

சக்கர இடைவெளின்னு சொல்றாங்களே, அது எவ்வளவு இருக்கணும்?

ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரம். எச்.ஓ.வில் ஏறக்குறைய 14.4-க்கும் 14.5 மி.மீ.க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. இது கூடிவிட்டால் விளிம்புகள் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தி, வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் ஏறிவிடும். குறைந்துவிட்டால் வளைவில் பிரச்சினை இல்லை, பாதை பிரியும் இடமான பாயின்டில் இடிக்கும்.

சரிசெய்ய, சக்கரத்தை மெல்ல முறுக்கிக்கொண்டே இழுக்கவோ தள்ளவோ வேண்டும். நேராக நெம்பினால் அச்சு வளையும். இரண்டு சக்கரமும் அச்சின் நடுவிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீராவி இன்ஜினின் பெரிய சக்கரங்களில் மட்டும் இந்த முறுக்கும் வேலை வேண்டாம். சக்கரங்களைச் சேர்க்கும் இடது, வலது கம்பிகள் 90 டிகிரி தள்ளி நிற்கும்படி கோத்திருப்பார்கள். கால் சுற்று மாறினால் வண்டி நொண்டியடிக்கும்.

அட்டைப்பெட்டியில ‘இந்த வளைவில் ஓடும்’னு போட்டிருக்கு. அப்புறமும் ஏன்?

‘ஓடும்’ என்பதற்கும் ‘நிம்மதியாக ஓடும்’ என்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. நம் அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி. அதாவது 175 மீட்டர் ஆரம். 87-ல் ஒரு பங்காக்கினால் 2 மீட்டர். ஒரு வட்டம் போட 4 மீட்டர் அகல ஹால் வேண்டும்! நாம் போடுவதோ பிரிட்டனின் மாடல் ரயில் கம்பெனியான ஹார்ன்பியின் இரண்டாம் வளைவு, 438 மி.மீ. ஆரம். அசல் ரயில் கனவிலும் போகாத வளைவில், ஆறு அச்சுள்ள டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜினைத் திருப்பச் சொல்கிறோம். மூன்று அச்சு போகியில் முதல் அச்சு வெளித் தண்டவாளத்தை முட்ட, மூன்றாவது உள்தண்டவாளத்தை முட்டும். நாலு அச்சு இன்ஜின் இந்த வளைவில் சிரித்துக்கொண்டே போகும். ஆறு அச்சுக்கு 22 அங்குலம், அதாவது 559 மி.மீ. ஆரத்துக்குக் கீழே போகாதீர்கள் என்பேன்.

பெட்டிகளுக்கு என் கணக்கு: நீளத்தைப் போல இரண்டரை மடங்கு ஆரம். பழைய வகையான ஐ.சி.எஃப். பெட்டி அசலில் 21.3 மீட்டர், மாடலில் 245 மி.மீ.; ஆக 610 மி.மீ. ஆரம் வேண்டும். புதிய வகையான எல்.எச்.பி. பெட்டி 23.5 மீட்டர் என்பதால் இன்னும் கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை. 16.5 மி.மீ.யை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ., உலக ஸ்டாண்டர்டு கேஜ். நம் அகலப் பாதை 1,676. ஆகவே நம் ஊர் இன்ஜின் மாடல்கள் எல்லாமே அசலை விடக் குறுகிய பாதையில் பேலன்ஸ் பிடித்து ஓடுகின்றன. சென்னையில் இந்த அளவுக்கு அச்சாகப் பொருந்துவது மெட்ரோ ரயில்தான். அதன் பாதை 1,435.

நீராவி இன்ஜின்ல முன்னாடி இருக்கிற குட்டிச் சக்கரம் மட்டும் விழுது.

அதன்மேல் எடையே இல்லை என்று அர்த்தம். அதை அழுத்தும் சின்ன ஸ்பிரிங் கழன்றிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிப் போட்டால் போதும். பலமாகப் போட்டுவிடாதீர்கள், குட்டிச் சக்கரம் அழுந்தி, பெரிய சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

இன்ஜின் தனியா ஓடுது. பெட்டி கோத்தா விழுது.

எந்தப் பக்கம் விழுகிறது? வளைவின் உள்பக்கமாக நடுப் பெட்டிகள் சரிந்தால், முன்னாலிருந்து இழுக்கும் விசையும் பின்னாலிருக்கும் பாரமும் சேர்ந்து அவற்றை உள்ளே இழுக்கின்றன. பூச்சரத்தை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் நிமிர்கிறதே, அதேதான். எடை குறைந்த பெட்டி முன்னாலும் கனத்த பெட்டி பின்னாலும் இருந்தால் நிச்சயம். இடம் மாற்றுங்கள், இல்லையேல் எடை சேருங்கள்.

அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் அளவு எச்.ஓ.வுக்கு: 28 கிராம், அதோடு பெட்டி நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம். நம் 245 மி.மீ. பெட்டிக்கு ஏறக்குறைய 165 கிராம் வரும். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும். தரைக்கு ஒட்டி, போகிகளுக்கு மேலே வரும்படி வையுங்கள், கூரைப் பக்கம் வேண்டாம். ஈயம் தொட்ட கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் தராதீர்கள். போல்ட், நட்டும் போதும்.

இன்ஜினே வெளிப்பக்கம் விழுந்தால், பெட்டியைக் கோக்கும் கொக்கியான கப்ளிங் மேல் சந்தேகம். நீளப் பெட்டியின் முனை வளைவில் வெளியே நீளும்; கப்ளிங் அந்த அளவுக்குத் திரும்பாவிட்டால் பெட்டி இன்ஜினின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். இடது வளைவு முடிந்த கையோடு வலது வளைவு தொடங்கும் பாதையில் இது இரட்டிப்பாகும். நடுவே ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்துண்டு போடுங்கள்.

நிஜ ரயில் மாதிரி வெளித் தண்டவாளத்தை உயர்த்தினா நிக்குமா?

பார்க்க அழகு, அவ்வளவுதான். அகலப் பாதையில் அதிகபட்ச உயர்வு 165 மி.மீ.; மாடலில் 1.9. அரை மி.மீ.க்கு மேல் நான் போவதில்லை. உயர்வு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்காவிட்டால் மேலே சொன்ன முறுக்கை நாமே உண்டாக்கியதாகும்.

வேகம்தான் காரணமோ?

438 மி.மீ. வளைவில் ஒரு முழு வட்டம் 2.75 மீட்டர். எச்.ஓ. இன்ஜின் அதை 8.6 விநாடியில் சுற்றினால் அசலில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தால் மட்டுமே கவிழ வேண்டுமானால் இரண்டு விநாடிக்குள் சுற்ற வேண்டும் என்று கணக்கு வருகிறது. பையன்கள் அதையும் செய்வார்கள். ஆனால் எட்டு விநாடியில் விழும் இன்ஜினுக்கு வேகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மெதுவாகப் போனால் விழாமல் இருப்பது, கோளாறு இருக்கிறது ஆனால் சின்னது என்பதற்கு அடையாளம்.

தண்டவாளத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. 1908-ல் நடால் என்ற பிரெஞ்சுக்காரர் சக்கரம் தண்டவாளத்தில் ஏறுவதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். பக்கவாட்டு விசை, மேலிருந்து அழுத்தும் எடை, விளிம்பின் சாய்வு, உராய்வு, இந்த நாலும்தான் அதில் உண்டு. உராய்வு கூடினால் விளிம்பு சுலபமாக ஏறும். சொரசொரப்பாக்கி நாமே ஏணி போட்டுத் தர வேண்டாம். துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். வளைவின் வெளித் தண்டவாளத்தில் உள்பக்க முகத்தில் மட்டும் 4பி பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். நிஜ ரயில்வேயிலும் வளைவுகளில் அந்த முகத்துக்குத்தான் கிரீஸ் தடவுகிறார்கள்.

எல்லாம் பார்த்தாச்சு. இன்னும் விழுது.

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் இதே வார்த்தையோடு வந்தான். பாதை சரி, இடைவெளி 14.4, கண்ணாடியில் ஆடவில்லை, போகி தாராளமாகத் திரும்புகிறது. கடைசியில் ஜன்னலோரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, முன் போகியின் இரண்டாவது அச்சில் கறுப்பாக ஏதோ பளபளத்தது. ஊசியால் நிமிண்டி இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது: ஒரு முழ நீளத் தலைமுடி, இறுகச் சுற்றி, எண்ணெய் குடித்து, பல்சக்கரத்துக்குள்ளும் நுழைந்திருந்தது. தரையில் போட்டு ஓட்டினாயா என்று கேட்டேன். “ஹால்லதான் அங்கிள், அம்மா தலை வாருற இடத்துல” என்றான். முடியைச் சுருட்டி அவன் கையிலேயே கொடுத்து, காட்டிவிட்டு வா என்று அனுப்பினேன்.